மொடாக்குடியன்னா யாருங்க யுவர் ஆனர்?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது குடியை ஆதரிக்கிற பதிவும் இல்லை, மதுவிலக்கு கேக்கிற பதிவும் இல்லை. ஆக ரெண்டு கோஷ்டிக்கும் பிடிக்காது. பதிவு வேற கொஞ்சம் நீளம். டீ ஆர்டர் பண்ணிட்டு உட்காருங்க.

குடிகாரனைப் பத்திப் பேச்சு வந்தாலே நம்மாளுங்க ரெண்டா பிரிஞ்சிடுவாங்க. ஒருத்தர், "இவனுங்களை எல்லாம் தூக்கி உள்ள போடணும் சார்" என்பார். இன்னொருத்தர், "அவன் காசு, அவன் குடல், உனக்கென்ன வந்துச்சு?" என்பார். யாரு அந்தக் குடிகாரன்னு ரெண்டு பேருமே கேக்கிறதில்லை. சனிக்கிழமை ராத்திரி ரெண்டு பெக் போட்டுட்டு கால் டாக்ஸி பிடிச்சு அடையாறு திரும்பற ஐ.டி. தம்பியா? இல்லை, தி.நகர்ல மதியம் கடை ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடியே கை நடுங்க வாசல்ல நிக்கிறாரே, அந்தப் பெரியவரா? ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும். நம்ம சட்டத்துக்குத் தெரியுமான்னு கொஞ்ச நாளா சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கிட்டிருந்தேன். தெரியாது. தெரிஞ்சுக்க அதுக்கு இஷ்டமும் இல்லை. இந்த ரெண்டாவது வாக்கியம்தான் இந்தப் பதிவு.

'மொடாக்குடியன்' என்பதற்கு நேரான வார்த்தை ஒரே ஒரு இடத்துல பளிச்சுனு மாட்டுச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 19. ஓட்டுநர் உரிமம் வெச்சிருக்கிறவர் வழக்கமாகக் குற்றம் செய்பவராகவோ வழக்கமாகக் குடிப்பவராகவோ இருந்தா, அவரைக் கூப்பிட்டு விசாரிச்சுட்டு உரிமத்தைப் பறிக்கலாம்னு இருக்கு. அடடா, கிடைச்சிடுச்சுன்னு விளக்கம் தேடிப் போனா, சட்டத்தின் ஆரம்பத்துல மோட்டார் வண்டின்னா என்ன, டிராக்டர்னா என்ன, பொது இடம்னா என்னன்னு வரிசையா பொழிப்புரை எழுதினவங்க, வழக்கமாகக் குடிப்பவர்னா யாருங்கறதை மட்டும் எழுதலை. தினமும் ஒரு கட்டிங் போடறவரா? மாசத்துல ரெண்டு நாள் மட்டையாகறவரா? அதிகாரி மனசுக்கு என்ன படுதோ அது.

சட்டத்துக்கு அளக்கத் தெரியாதுன்னு நினைச்சிடாதீங்க. பிரமாதமா அளக்கும். வண்டி ஓட்டறவர் ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினா பிரிவு 185. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள்ள கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 50 மீட்டர் தள்ளி டாஸ்மாக் இருக்கணும், மத்த இடத்துல 100 மீட்டர். வாங்கறவருக்கு 21 வயசு ஆகியிருக்கணும். 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலேர்ந்து 500 மீட்டர்னு சொல்லி, அடுத்த மார்ச்லயே சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர்னு குறைச்சுது. அதே 2016ல கடை திறக்கிற நேரத்தை 10 மணியிலேர்ந்து 12 மணிக்கு மாத்தினாங்க. மீட்டர், மில்லிகிராம், மணி, வயசு எல்லாத்துக்கும் ஸ்கேல் வெச்சிருக்காங்க. ஆளை அளக்க மட்டும் ஸ்கேல் இல்லை!

சரி, விளக்கம் இல்லாட்டி போகுது, தினசரி நடைமுறையில என்ன பண்றாங்க? பெட்டி கேஸ். சென்னையில குடிச்சிட்டு ரகளை பண்ணா போடற கேஸுக்குப் பேரே 'செவன்ட்டி ஃபைவ்'. 1888ஆம் வருஷத்து மாநகரக் காவல் சட்டம், பிரிவு 75. விக்டோரியா மகாராணி காலத்துச் சமாச்சாரம். இந்தியா முழுக்கன்னா இந்திய தண்டனைச் சட்டம் 510: குடிபோதையில பொது இடத்துல தொந்தரவு பண்ணா 24 மணி நேரம் உள்ள, இல்லாட்டி 10 ரூபா அபராதம். அந்தப் பத்து ரூபா 2024 ஜூன் 30 வரைக்கும் சட்டப் புத்தகத்துல உயிரோட இருந்துச்சுங்க. மறுநாள் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 355ஆம் பிரிவா மாறி, 24 மணி நேரம் அப்படியே இருக்க, அபராதம் 1000 ரூபா ஆச்சு, சமூக சேவைன்னு ஒரு தண்டனையும் புதுசா சேர்ந்துச்சு. நூத்தி அறுபது வருஷம் யோசிச்சு ரூபாயில ரெண்டு சைபர் சேர்த்திருக்காங்க. நூறாவது தடவை மாட்டறவனுக்கும் முதல் தடவை மாட்டறவனுக்கும் அந்தப் பிரிவு ஒரே மாதிரிதான்.

இதைவிட வேடிக்கை நம்ம மாநிலச் சட்டம். டாஸ்மாக் எந்தச் சட்டத்தின் கீழே விக்குதுன்னு நினைக்கிறீங்க? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937! ராஜாஜி சேலத்துல 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டுவந்தாரே, அதே சட்டம்தான். 1971ல கலைஞர் ஆட்சியில தளர்த்தி, 1974ல திரும்ப இறுக்கி, 1981ல எம்.ஜி.ஆர். ஆட்சியில மறுபடி தளர்த்தி, 1983ல டாஸ்மாக் ஆரம்பிச்சு, 2003ல ஜெயலலிதா ஆட்சியில சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கிட்டு... இத்தனைக்கும் சட்டத்தோட பேரை யாரும் மாத்தலை. துறைக்குப் பேரு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 1971ல 92 வயசு ராஜாஜி கொட்டற மழையில கோபாலபுரம் வீட்டுக்கே போய், வேணாம்னு கெஞ்சினார்னு ஒரு கதை அடிக்கடி சொல்வாங்க. அவர் கொண்டுவந்த சட்டத்தை வெச்சே பிற்காலத்துல அரசாங்கம் கடை நடத்தும்னு அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா அவர் குடையை மடக்கிட்டு சிரிச்சிருப்பார்.

அந்த மதுவிலக்குச் சட்டத்துல 4-ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. பொது இடத்துல போதையில காணப்பட்டாலே குற்றம். ரகளை பண்ணணும்னு கூட இல்லை, போதையில இருந்தாப் போதும். அதாவது அரசாங்கம் வித்த சரக்கை, அரசாங்கம் அனுமதிச்ச பார்ல உட்கார்ந்து, வாட்டர் பாக்கெட் சகிதமா குடிச்சிட்டு, வெளிய அரசாங்கம் போட்ட ரோட்டுல முதல் அடி வெச்சீங்கன்னா குற்றவாளி. பார்லேர்ந்து வீட்டுக்குப் பறந்து போகணும் போல. விக்கிறவரும் அவரே, பிடிக்கிறவரும் அவரே, ஃபைன் வாங்கறவரும் அவரே.

எங்க ஏரியா மந்தைவெளி. தெரு முனையில ராத்திரி இட்லிக் கடை போடற அக்கா ஒருத்தர் இருக்காங்க. வீட்டுக்காரர் வாடகை ஆட்டோ ஓட்டறார், இருபது வருஷ சர்வீஸ். ஓட்டற நாளைவிட ஓட்டாத நாள் அதிகம். மூணு பெட்டி கேஸ் ஆயிடுச்சு. நாலாவதா வண்டியோடயே மாட்டினார். 2022 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுல அதுக்குப் பத்தாயிரம் ரூபா. ஒருநாள் ராத்திரி கடை மூடற நேரத்துல அந்த அக்கா என்கிட்ட ஒரு மனு எழுதித் தரச் சொன்னாங்க.

"என்னான்னு எழுதணும்க்கா?"

"புடிச்சா ஃபைன் போட்டு உட்டுட்றாங்கப்பா. அத்த நான்தான் இட்லி அவிச்சுக் கட்றேன். பத்தாயிரத்துக்கு எத்தினி இட்லி அவிக்கணும், சொல்லு. ஃபைனு வோணாம், ஆஸ்பத்திரில கொண்டுபோய் சேருன்னு ஜட்ஜு எழுதிக் குடுக்கச் சொல்லு. எனக்கு பயப்பட மாட்டாரு. ஜட்ஜுக்கு பயப்படுவாரு."

பிரிவு 19 பத்திச் சொன்னேன். லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்னு.

"ஆட்டோ ஓட்ட மாட்டாரு, சரி. குடிக்காம இருப்பாரா?"

இந்த ஒரு கேள்வியை பார்லிமென்ட்டுல யாராவது கேட்டிருந்தா பிரிவு 19 வேற மாதிரி வந்திருக்கும். 2019 திருத்தத்துல குடிச்சிட்டு ஓட்டினதுக்காக லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர் அதைத் திரும்ப வாங்க ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சிக்குப் போகணும்னு சேர்த்தாங்க. புத்தாக்கப் பயிற்சி! இருபது வருஷம் ஆட்டோ ஓட்டினவருக்குக் கிளட்ச் எது பிரேக் எதுன்னு மறந்தா போச்சு?

அந்த அக்காவுக்குச் சட்டம் வேற என்ன குடுக்குதுன்னு பார்த்தேன். இந்து திருமணச் சட்டம் 1955ல விவாகரத்துக்குக் காரணங்கள் வரிசையா இருக்கு. புருஷன் சந்நியாசம் வாங்கிட்டா விவாகரத்து கேக்கலாம். தினமும் குவாட்டர் வாங்கினா கேக்க முடியாது. குடிங்கற வார்த்தையே அந்தப் பட்டியல்ல கிடையாது. அதனால அடிச்சார், திட்டினார், பட்டினி போட்டார்னு 'கொடுமை'ங்கற தலைப்புக்குக் கீழே கொண்டுவந்து நிரூபிக்கணும். அடிக்காத, திட்டாத, குடிச்சிட்டு மூலையில சுருண்டு படுத்து கொஞ்சம் கொஞ்சமா சாகற புருஷன்னா கேஸ் சிரமம். 2005ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டத்துல ஆளை வீட்டை விட்டு வெளியேத்த உத்தரவு வாங்கலாம், கவுன்சிலிங்குக்கு அனுப்பச் சொல்லலாம். வன்முறை நடந்திருந்தா. அவங்க கேட்டது இது எதுவுமே இல்லை. புருஷனைத் துரத்தணும்னோ ஜெயில்ல போடணும்னோ அவங்க கேக்கலை. பெறுநர்னு எழுதிட்டு அதுக்குக் கீழே யார் பேரை எழுதறதுன்னு ரெண்டு பேரும் பேப்பரையே பார்த்துக்கிட்டு நின்னோம்.

வெள்ளைக்காரன் இதை ஒருமாதிரி யோசிச்சிருக்கான். இங்கிலாந்துல 1879லயே மொடாக்குடியர் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதுல விளக்கம் இருக்கு: தொடர்ந்து அளவுக்கு மீறிக் குடிச்சு, அதனால தனக்கோ மத்தவங்களுக்கோ சில சமயம் ஆபத்தா ஆகிறவர், இல்லாட்டி தன்னையும் தன் காரியங்களையும் பாத்துக்க முடியாதவர். எத்தனை பெக், எத்தனை கேஸ்னு அதுல கணக்கே இல்லை பாருங்க. ஆளு எந்த நிலைமையில இருக்கார்ங்கறதுதான் கேள்வி. அந்த ஐ.டி. தம்பியையும் ஷட்டர் வாசல் பெரியவரையும் இந்த ஒரு வாக்கியம் சுத்தமா பிரிச்சிடும். 1902ல இன்னொரு படி மேல போனாங்க. மொடாக்குடியர்னு தீர்ப்பான ஆளுக்கு மூணு வருஷத்துக்குத் தெரிஞ்சே சரக்கு ஊத்தற கடைக்காரருக்கும் அபராதம். அதை இங்க கொண்டுவந்தா அபராதம் கட்ட வேண்டிய கடைக்காரர் யாரு? புரியுதில்லையா, நம்ம ஊர்ல ஏன் விளக்கம் இல்லைன்னு?

ஆனா வெள்ளைக்காரனுக்குக் கோயில் கட்டவும் நான் தயாரில்லை. 1898ல சட்டத்தை மாத்தி, குடிகாரங்களைக் கட்டாயமா அடைச்சு வைக்கிற சீர்திருத்த இல்லங்கள் திறந்தாங்க. உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். அதுவும் ஏழைப் பெண்கள். பங்களாவுல குடிச்ச துரைமார் வெளியதான் இருந்தாங்க. முதல் உலகப் போர் முடியறதுக்குள்ள அந்த ஏற்பாடே படுத்துடுச்சு. விளக்கத்தைக் கையில குடுத்தா அதைத் தடியா மாத்தி ஏழையை அடிக்கவும் முடியும், இதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

அமெரிக்காவுல பவல்னு ஒருத்தர். டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டின்ல ஒரு மதுக்கடையில ஷூ பாலிஷ் போட்டு வாரம் 12 டாலர் சம்பாதிச்சவர். பொது இடத்துல போதையில இருந்ததுக்காக 1949லேர்ந்து ஏறக்குறைய நூறு தடவை தண்டனை வாங்கினவர். கடைசித் தடவை போட்ட அபராதம் 50 டாலர். வாரம் 12 டாலர்காரருக்கு! குடிநோயாளியைக் குடிச்சதுக்காகத் தண்டிக்கறது நியாயமான்னு அவர் வக்கீல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1968ல ஐந்துக்கு நாலுன்னு தோத்தார். போதைக்கு அடிமையா இருக்கிற நிலைமையையே குற்றம்னு சொல்லக் கூடாதுன்னு அதே கோர்ட் 1962ல இன்னொரு வழக்குல சொல்லியிருந்தது. ஆனா பவலைத் தண்டிச்சது நிலைமைக்காக இல்லை, போதையோட தெருவுக்கு வந்ததுக்காகன்னு இப்போ சொல்லிடுச்சு. தீர்ப்புல உண்மையா கனமான காரணங்கள் வேற ரெண்டு. குடிநோய்னா என்னன்னு டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. ஜெயில் வேணாம்னு சொன்னா இவங்களை அனுப்ப ஆஸ்பத்திரியும் இல்லை.

1968க்கு அந்த ரெண்டும் சரி. நம்ம ஊர்ல இப்போ அந்தச் சாக்கும் கிடையாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய்ங்கறதுக்கு விளக்கம் சொல்லும்போதே மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் சேர்த்துச் சொல்லுது. இது நம்ம பார்லிமென்ட் நிறைவேத்தின சட்டம். பார்லிமென்ட்டுக்கு 2017ல புரிஞ்சது அடையாறு இந்திரா நகர்ல சிலருக்கு 1980லயே புரிஞ்சிருந்தது. டி.டி.கிருஷ்ணமாச்சாரியோட பேரன் ரங்கநாதன் குடியால சின்ன வயசுலயே இறந்துபோக, அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அவர் பேர்லயே ஆரம்பிச்ச மருத்துவமனை அங்க இருக்கு. பணம், படிப்பு, பேரு, செல்வாக்கு எல்லாம் இருந்த குடும்பம். "திமிரெடுத்துக் குடிக்கிறான்"னு சொல்ற நண்பர்கள் ஒரு தடவை அந்தத் தெருப் பக்கம் நடந்துட்டு வாங்க.

இப்போ கூத்தைக் கேளுங்க. அதே 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எப்படி இன்சூரன்ஸ் குடுக்கிறீங்களோ அதே மாதிரி மனநோய்க்கும் குடுக்கணும்னு சொல்லுது. 2019ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எதுக்கெல்லாம் பணம் கிடையாதுன்னு பொதுவான பட்டியல் போட்டுது. அதுல பன்னெண்டாவது: குடிநோய், போதைப் பழக்கம், அதோட விளைவுகளுக்கான சிகிச்சை. உங்க ஹெல்த் பாலிசியை எடுத்து 'எக்ஸ்க்ளூஷன் 12'னு இருக்கான்னு பாருங்க. ஒரு சட்டத்துக்கு இவர் நோயாளி. இன்சூரன்ஸுக்கு, தானா இழுத்துக்கிட்டவர். காவல் நிலையத்துக்கு செவன்ட்டி ஃபைவ். வண்டிச் சட்டத்துக்கு லைசென்ஸ் பறிக்க வேண்டிய ஆள். டாஸ்மாக்குக்கு மட்டும்தான் இவர் தெளிவா வாடிக்கையாளர். இந்த அஞ்சு ஃபைலும் ஒரே மேஜைக்கு வராம இருக்கிற வரைக்கும்தான் வியாபாரம் ஓடும். வந்துட்டா, "இவரை நோயாளின்னு ஒத்துக்கிட்ட பிறகும் தினமும் ஏன் விக்கிறீங்க?"ன்னு அடுத்த கேள்வி வரும்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு வருஷத்துல மூணாவது பெட்டி கேஸ் வந்தா, ஃபைன் போடறதுக்கு முன்னாடி டாக்டர் பார்க்கணும். 1879 விளக்கம் மாதிரி ஒண்ணை வெச்சு, தன்னைப் பாத்துக்க முடியற ஆளா இல்லையான்னு அவர் எழுதிக் குடுக்கணும். முடியாதவர்னா ஃபைனுக்குப் பதிலா சிகிச்சை. இதுக்குப் புதுச் சட்டம் கூட முழுசா தேவையில்லை. நன்னடத்தைச் சட்டம்னு 1958லேர்ந்து ஒண்ணு இருக்கு. தண்டனை குடுக்காம பாண்டு எழுதி வாங்கிட்டு விடும்போது, போதைப் பொருளைத் தொடக் கூடாது என்பது உட்பட நிபந்தனைகள் போடலாம்னு 4ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு வெளிப்படையாவே சொல்லுது. அந்த அக்கா இட்லிச் சட்டியைக் கழுவிக்கிட்டே கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

கட்டாய சிகிச்சையா, தனிமனித சுதந்திரம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மறுவாழ்வு மையம்ங்கற பேர்ல ஆளைக் கட்டி வெச்சு அடிக்கிற இடங்களைப் பத்தி அடிக்கடி செய்தி படிக்கிறோம். அதனாலதான் பூட்டி வைக்கிற அதிகாரத்தை நான் கேக்கலை. கோர்ட் ரெண்டு கதவைக் காட்டணும்: ஃபைன் ஒண்ணு, அரசு ஆஸ்பத்திரி ஒண்ணு. இப்போ காட்டறது ஒரே கதவு. அது நேரா மனைவியோட சுருக்குப் பையில திறக்குது. இதுல யாரோட சுதந்திரம் காப்பாத்தப்படுது?

ஆஸ்பத்திரி எங்கேன்னு கேக்க முடியாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794லேர்ந்து இருக்கு. 2025ல 'கலங்கரை'ங்கற பேர்ல 25 போதை மீட்பு மையங்களை அரசே திறந்துச்சு. நல்ல காரியம், பாராட்டணும். கோர்ட்டுலேர்ந்து அங்க போக ஒரு சீட்டு எழுதற ஏற்பாடுதான் பாக்கி. பணம் எங்கேன்னும் கேக்க முடியாது. 2024-25ல டாஸ்மாக் மூலமா வந்த வருவாய் 48,344 கோடி. நாளொண்ணுக்கு 130 கோடிக்கு மேல. அதுல ஒரே ஒரு நாள் கலெக்‌ஷனை இதுக்குன்னு ஒதுக்கச் சொல்லுங்க, பார்ப்போம்.

வக்கீல் பதிவர்கள் யாராவது படிச்சீங்கன்னா, பெட்டி கேஸ்ல அந்த 4(4)ஐக் கேட்டு வாதாடின அனுபவம் இருந்தா ஒரு பதிவா போடுங்க, புண்ணியமா போகும். "குடிகாரனுக்கு வக்காலத்தா?"ன்னு பின்னூட்டத்துல கும்ம வர்ற அனானி நண்பர்களுக்கு: டிஸ்கி மேலயே இருக்கு, இன்னொரு தடவை படிச்சிட்டு வாங்க :-)